கழுவத் தெரிந்த கைகள்

போன கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி, பரணில் கிடந்த யாஷிகா மேட் கேமராவை இறக்கிவிட்டாள். தோலுறையில் பூசணம் பூத்திருந்தது. வார் இற்றுப்போயிருந்தது. மேல் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தவள், கண்ணாடியில் எங்கள் வாசல் இடம்வலம் மாறித் தெரிவதைக் கண்டு சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, “தாத்தா, இது இன்னும் வேலை செய்யுமா?” என்றாள்.

கைப்பிடியைச் சுற்றி, விசையை அழுத்திக் காட்டினேன். ஷட்டர் விழுந்தது.

“ரோல் ஆன்லைன்ல வாங்கிட்டேன். கழுவறதுக்குத்தான் இங்க யாருமில்ல. கூரியர்ல வெளியூருக்கு அனுப்பணுமாம். நீங்க கழுவித் தருவீங்களா?”

கும்பகோணத்தில் முப்பது வருஷம் ஸ்டுடியோ நடத்தியவனிடம் அவள் கேட்டது இது. “கழுவி இருபது வருஷம் ஆச்சு கண்ணு, பார்க்கலாம்” என்று சொல்லிவைத்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மருந்து கலக்கும் கணக்கு மறந்துவிடவில்லை. அதை இன்றுவரை ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதுதான் உறுத்தியது.

ஃபிலிம் கேமராவுக்கு இனி எதிர்காலம் உண்டா என்று இப்போது நிறையப் பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்கு 74 வயதாகிறது. கேட்கிற பிள்ளைகளுக்கு, அந்த உறுத்தலில் இருந்துதான் என்னால் பதில் சொல்ல முடியும்.

1966-இல், பதினைந்து வயதில், நான் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் முதலாளி கெட்டிக்காரர். முகத்தைப் பார்த்த உடனே எந்தப் பக்கம் விளக்கு வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் ஃபிலிம் கழுவும் மருந்தான டெவலப்பரைக் கலக்கும்போது மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். பாட்டில்களின் லேபிளைக் கிழித்துவிட்டு, அடையாளத்துக்குச் சிவப்பு மசியில் புள்ளி வைத்திருந்தார். நான்கு பாட்டில், நான்கு பொடி. எந்தப் புள்ளியில் எவ்வளவு என்பது அவருக்கு மட்டும் வெளிச்சம். ஐஸ் வாங்கி வருவது என் வேலை. மே மாதத்தில் எங்கள் ஊர்க் குழாயில் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் வரும். ஃபிலிமின் மேல் வெள்ளி உப்பைப் பிடித்துவைத்திருப்பது ஜெலட்டின்; மாட்டின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. சூடு கூடினால் இளகும், சுருங்கும், சில நேரம் ஏடாக உரிந்தே வந்துவிடும். மருந்து 20 டிகிரியில் நிற்க வேண்டும். மரத்தூளில் பொதிந்த ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு பறப்பேன். ஸ்டுடியோ வந்து சேரும்போது முதுகெல்லாம் நனைந்திருக்கும்.

ஏழெட்டு வருஷம் கழித்து, நூலகத்தில் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் அந்த நான்கு பாட்டிலும் எனக்கு விளங்கின. ஒரு லிட்டர் தண்ணீருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். பெயர் டி-76. கோடாக் நிறுவனம் 1920-களிலேயே கண்டுபிடித்த கலவை. உலகம் முழுக்கப் புத்தகங்களில் அச்சாகி, யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடந்த கணக்கு. அதைத்தான் அவர் எங்களிடமிருந்து மறைத்தார்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரகசியம் நம் கைக்கும் வந்துவிட்டது என்ற பெருமைதான் வந்தது. 1975-இல் சொந்தமாக ஸ்டுடியோ போட்டபோது, நானும் என் பையன்களுக்கு முதுகைக் காட்டி நின்றுதான் மருந்து கலந்தேன். லேபிளைக் கிழித்தேன், புள்ளி வைத்தேன். தொழில் கற்றுக்கொண்டு எதிர்த்த தெருவில் கடை போட்டுவிடுவான் என்ற பயம். இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது.

ஃபிலிம் காலத்தைப் பற்றி இன்று எழுதுகிறவர்கள் பொறுமை, நிதானம், தவம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். அந்தக் காலத்தில் இருந்தவன் என்ற முறையில் இதில் என்னால் முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. 120 ரோலில் 12 படம். ஒவ்வொன்றும் வாடிக்கையாளர் காசு. ஒரு படம் வீணானாலும் அன்றைய லாபம் போய்விடும். எங்களுக்கு இருந்தது பதற்றமும் சிக்கனமும்தான். என் அம்மாவுக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு படம். என் கல்யாணத்தன்று வேறு யாரையோ எடுத்தபோது ஓரத்தில், தட்டோடு பாதி உருவமாக விழுந்திருக்கிறாள். ஸ்டுடியோக்காரனைப் பெற்றவளுக்கு இந்தக் கதி. அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். இன்று எங்கள் தெருவில் சித்தாள் வேலைக்குப் போகிற பெண், தன் குழந்தை தவழ்ந்தது, நின்றது, விழுந்தது எல்லாவற்றையும் கைபேசியில் வைத்திருக்கிறாள். அதைப் பார்க்கும்போது டிஜிட்டலைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஃபிலிம் மேலானது, டிஜிட்டல் தாழ்ந்தது என்று உங்களிடம் யாராவது பேசினால் அந்தப் பேச்சை நம்பாதீர்கள்.

சந்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேயும் தப்பான கதை ஒன்று உலவுகிறது. கோடாக் தூங்கியது, அதனால் அழிந்தது என்பார்கள். முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்ததே கோடாக்கில் வேலை பார்த்த ஸ்டீவன் சாஸன்தான். வருஷம் 1975, நான் கடை திறந்த அதே வருஷம். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி ஆனது. அந்த நிறுவனம் டிஜிட்டலைத் தொடாமலும் இருந்துவிடவில்லை. 2005-இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற டிஜிட்டல் கேமரா கோடாக்தான். அப்படியும் 2012 ஜனவரியில் திவால் மனு போட்டது. ஃபிலிமில் வந்த லாபம் டிஜிட்டல் கேமராவில் வரவில்லை. அதற்குள் அந்தக் கேமராவுக்கே ஆபத்து வந்துவிட்டது. ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கம் வருஷாவருஷம் கணக்கு வெளியிடுகிறது. 2010-இல் அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். 2023-இல் 80 லட்சத்தைத் தொடவில்லை. எங்களை வீட்டுக்கு அனுப்பிய கேமராவைக் கைபேசி பதின்மூன்று வருஷத்தில் விழுங்கிவிட்டது. நான் 2005-இல் கடன் வாங்கி வைத்த டிஜிட்டல் லேப் சாமான்களும் இன்று ஃபிலிம் என்லார்ஜரைப் போலவே பழைய இரும்புதான்.

ஆகவே எந்தப் பொருளுக்கு எத்தனை நாள் ஆயுள் என்று என்னைக் கேட்காதீர்கள். ஃபிலிம் போனபோது ஃபியூஜி நிறுவனம் என்ன செய்தது என்பது எனக்கு அதைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஜெலட்டின் கொலாஜனிலிருந்து வருவது, நம் தோலில் இருப்பதும் அந்தக் கொலாஜன்தான். படம் மங்காமல் இருக்க ஐம்பது அறுபது வருஷமாகக் கற்றுவைத்ததைக் கொண்டுபோய், 2007-இல் முகத்துக்குப் பூசும் கிரீம் செய்தார்கள். கையில் இருந்த படிப்பை வேறு வாசலுக்குக் கொண்டுபோனார்கள். எடுத்த உடனே படம் வெளியே வரும் அவர்களுடைய இன்ஸ்டாக்ஸ் கேமரா 1998-இல் வந்தது. இன்றும் கல்யாண வீடுகளில் பிள்ளைகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதைப் பார்க்கிறேன்.

நம் பக்கத்திலும் ஒரு ஃபிலிம் தொழிற்சாலை இருந்தது. இன்றைய பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், மத்திய அரசு 1960-இல் தொடங்கிய நிறுவனம். 1967-இல் உற்பத்தி ஆரம்பித்தது. அதன் ஃபிலிமுக்கு ‘இந்து’ என்று பெயர். நிலா என்று பொருள். கறுப்பு வெள்ளை ரோல், பிரிண்ட் போடும் பேப்பர், ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அங்கிருந்து வந்தன. வெளிநாட்டு ரோல் கிடைக்காத, கிடைத்தாலும் கட்டுப்படியாகாத நாட்களில் எங்களைப் போன்ற சிறிய ஸ்டுடியோக்களுக்குச் சோறு போட்டது இந்து ரோல்தான். 1996-இல் நலிந்த நிறுவனம் என்று அறிவித்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, மூடிவிட்டார்கள். அந்த இடத்துக்கு இன்றும் இந்து நகர் என்றே பெயர்.

ஃபிலிமில் மருந்து பூசுவது கும்மிருட்டில் நடக்கிற வேலை. தலைமுடியைவிட மெல்லிய பூச்சு. எங்கும் ஒரே கனமாக இருக்க வேண்டும், ஒரு தூசி விழக்கூடாது. அந்த இருட்டில் வேலை பார்த்துத் தேர்ந்த மனிதர்கள் நம் மலையில் இருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்ததை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டார்களா என்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. கட்டடம் போகட்டும். இயந்திரம் துருப்பிடிக்கட்டும். அந்தக் கைப்பழக்கம் போனால் திரும்ப வராது.

வராது என்பதற்கு எடுத்துக்காட்டு உண்டு. நெதர்லாந்தில் என்ஷெடே என்ற ஊரில் போலராய்டு நிறுவனத்தின் ஃபிலிம் ஆலை இருந்தது. 2008-இல் மூடினார்கள். அங்கே வேலை பார்த்த சிலரும் ஃபிலிமை விட மனமில்லாத சிலரும் சேர்ந்து, இயந்திரங்களை உடைப்பதற்கு முன்னால் வாங்கிவிட்டார்கள். இயந்திரம் இருக்கிறது, ஓட்டத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், இனி என்ன கஷ்டம் என்று தோன்றும். ஆனால் மருந்துகளைச் செய்துகொடுத்த ஆலைகள் முன்பே நின்றுபோயிருந்தன. பழைய கலவையைத் திரும்பக் கலக்க முடியவில்லை. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2010-இல் முதலில் வந்த படங்கள் வெளிறிக் கிடந்தன. வருஷக்கணக்கில் திருத்தித் திருத்தித்தான் மேலே வந்தார்கள். பழகின கைகள் அங்கே நின்றதால்தான் அந்த அளவாவது நடந்தது.

இன்னொன்று என் மனதை அப்படியே பிடித்துக்கொண்டது. ஜப்பானில் ரிக்கோ நிறுவனம், பென்டாக்ஸ் என்ற பெயரில் மறுபடி ஒரு ஃபிலிம் கேமரா செய்யப்போவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. கையால் லீவரைத் தள்ளி ஃபிலிமைச் சுற்றும் கேமரா. பழைய வரைபடங்கள் அவர்களிடம் இருந்தன. ஆனால் அந்த லீவர் சுற்றும்போது விரலுக்கு எப்படி இருக்க வேண்டும், எங்கே சிறிது இறுக வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது வரைபடத்தில் எப்படி இருக்கும்? டிஜிட்டலில் பிறந்து வளர்ந்த இளம் பொறியாளர்களுக்கு அது தெரியவில்லை. ஓய்வு பெற்று வீட்டில் இருந்த மூத்த பொறியாளர்களைத் தேடிப்போய்க் கேட்டார்கள். அவர்களும் வந்து சொல்லிக்கொடுத்தார்கள். 2024 ஜூன் மாதம் பென்டாக்ஸ் 17 வெளிவந்தது. 35 எம்எம் ரோலில் ஒரு படத்துக்குரிய இடத்தை இரண்டாகப் பகுத்து எடுக்கும், 36 படம் விழும் ரோலில் 72 விழும். படம் கைபேசியில் போல நெட்டுக்குத்தாக விழும், இந்தக் காலத்துப் பிள்ளைகளின் கண்ணுக்கு ஏற்றபடி.

அதைப் பற்றிப் படித்த அன்று, அந்த மூத்தவர்களின் வீட்டுக் கதவை அந்தப் பையன்கள் தட்டியதை நினைத்து நினைத்துப் பார்த்தேன். எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள்! என் வீட்டுக் கதவையும் பேத்தி தட்டியிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என் வாழ்க்கையின் பெரிய தவறையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஸ்டுடியோ கவரில் ஒரு வரி அச்சடித்திருப்போம்: இந்த எண்ணைக் குறிப்பிட்டால் எப்போது வேண்டுமானாலும் பிரதி கிடைக்கும். கீழே பேனாவால் நெகட்டிவ் நம்பர் எழுதிக் கொடுப்போம். 2006 ஐப்பசி மழையில் கடைப் பின்கட்டு ஒழுகி, நெகட்டிவ் பெட்டிகளில் ஈரம் ஏறிவிட்டது. டிஜிட்டலுக்கு மாறியாயிற்று, இனி இது எதற்கு என்று இருந்தது. பழைய நெகட்டிவை வெள்ளிக்காக எடைக்கு வாங்குகிற வியாபாரி ஒருவர் வந்தார். முப்பது வருஷத்து முகங்களைச் சாக்கில் கட்டிப் போட்டுவிட்டேன். வந்த பணத்தில் கடைக்கு ஒரு பிரிண்டர் கூட வாங்க முடியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, திருவிடைமருதூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். கையில் எங்கள் கவர். மஞ்சளேறி, மடிப்பில் கிழிந்து, ஆனால் நம்பர் தெளிவாக இருந்தது. 4417. வீட்டுச் சுவரில் இருந்த படம் கறையானுக்குப் போய்விட்டதாம். “எங்க வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து எடுத்த படம் அது ஒண்ணுதாங்க. எப்ப கேட்டாலும் கிடைக்கும்னு போட்டிருக்கே” என்றார்கள். என் கையெழுத்துதான். இல்லை என்று சொன்னேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. கவரைத் திரும்ப வாங்கி மடித்து, இடுப்புச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள்.

நான் எதைத் தொலைத்தேன் என்பதற்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயர், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858-இல் தஞ்சாவூருக்கு வந்தார். பெரிய கோவில் விமானத்தின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளைப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாகச் செய்தார். மெழுகேற்றிய காகிதம்தான் அவருடைய நெகட்டிவ். வெறும் காகிதம். அவருடைய காகித நெகட்டிவ்களை இங்கிலாந்தில் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் போதும், எந்த இயந்திரமும் வேண்டாம், கண்ணுக்குத் தெரியும். எங்கள் பெட்டிகளில் இருந்ததும் அப்படிப்பட்ட பொருள்தான். புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடித் தேடிச் சேகரித்து டிஜிட்டலில் ஏற்றியது. அவர்கள் இப்படித் தேடுகிறார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டபோது, கடைக்குள் போய்க் காலிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் வீட்டில் பழைய நெகட்டிவ் இருந்தால், ஸ்கேன் செய்தாயிற்று என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கையைக் கூப்பிக் கேட்கிறேன்.

பேத்திக்கு வருகிறேன். ரசாயனக் கடையில் நான்கு பொடியையும் வாங்கி வரச் சொன்னேன். இந்த முறை லேபிளைக் கிழிக்கவில்லை. அவளை எனக்கு எதிரே நிற்கவைத்து, அவளையே தராசில் நிறுக்கச் சொன்னேன். முதலில் மெட்டால், சல்ஃபைட் விழுந்துவிட்டால் அது கரையாது. அப்புறம் சல்ஃபைட், அப்புறம் ஹைட்ரோகுயினோன், கடைசியில் போராக்ஸ். மெட்டால் சிலர் தோலுக்கு ஆகாது, உறை போட்டுக்கொள். கேமராவின் வெளிச்ச மீட்டரை நம்பாதே. அதற்குரிய பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை. இப்போதைய பேட்டரிக்கு வோல்ட் கூட, மீட்டர் தப்பாகக் காட்டும். நல்ல வெயிலில் 100 ஸ்பீடு ரோலுக்கு லென்ஸ் துளையை 16-இல் வைத்து, நூற்று இருபத்தைந்தில் ஒரு பங்கு விநாடி. மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல் போட்டு வை. விமானத்தில் போனால் ரோலைக் கையில் எடுத்துக் காட்டு. இப்போது சில இடங்களில் வைக்கிற புது ஸ்கேனர், கழுவாத ரோலைப் புகை மூட்டிவிடும். எனக்கு நினைவு வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள்.

குளியலறை ஜன்னலில் கம்பளியைக் கட்டி இருட்டாக்கினோம். ரீலில் ஃபிலிமை ஏற்றும்போது என் விரல் தடுமாறியது. ஏழரை நிமிடம் மருந்து, நிமிடத்துக்கு ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்தல், ஹைப்போ, அரை மணி நேரம் தண்ணீர். துணிக் கொடியில் தொங்கவிட்டபோது பார்த்தேன். நான் ஏற்றுகையில் மடங்கிய இரண்டு இடத்தில் பிறை மாதிரி கறுப்புத் தழும்பு விழுந்திருந்தது. மூன்று படம் வெறும் கண்ணாடியாக இருந்தது. மீதியில் ஒன்றில் என் வீட்டுக்காரி, அடுப்படி ஜன்னல் வெளிச்சத்தில், முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். பேத்தி அந்த ஈர ஃபிலிமை விளக்குக்கு நேரே பிடித்து, கறுப்பெல்லாம் வெளுப்பாக, வெளுப்பெல்லாம் கறுப்பாகத் தெரிந்த தன் பாட்டியின் முகத்தைக் கண்சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோல் விலை, மருந்து எல்லாம் சேர்த்தால் நிறைய ஆகிறது, அடிக்கடி எடுக்க முடியாது என்று அவளுக்கே தெரிகிறது. 2028-இல் எங்கள் ஊரில் மகாமகம். நான் 1980-இல் குளக்கரையில் நின்று எடுத்த இடத்தில் அவள் நின்று எடுக்கப்போகிறாளாம். அதற்காக மூன்று ரோலை இப்போதே வாங்கி, ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

அவள் ஊருக்குப் போன அடுத்த நாள், என்னிடம் பதினோரு வருஷம் வேலை பார்த்த பையனுக்குப் போன் செய்தேன். பையன் என்கிறேன், அவனுக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது. ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறான். “உனக்கு ஒரு கணக்குச் சொல்லணும்ப்பா. அப்பவே சொல்லியிருக்கணும்” என்று ஆரம்பித்தேன்.

“டெவலப்பர் கணக்குதானே அண்ணே? தெரியும்” என்றான். “நீங்க கலக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒவ்வொரு பாட்டிலையும் தராசுல வச்சுப் பார்த்துடுவேன். எது எவ்வளவு கொறஞ்சிருக்குன்னு பேப்பர்ல எழுதி வச்சிருந்தேன்.”

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தப் பக்கம் அவனும் சற்று நேரம் சும்மா இருந்தான்.

“அந்த நாலாவது பாட்டில் மட்டும் பிடிபடவே இல்ல அண்ணே. அது என்ன, எவ்வளவு?”

“போராக்ஸ்ப்பா” என்றேன். “லிட்டருக்கு ரெண்டு கிராம்.”